பெண்கள் ஆராய்ச்சியும் கலியாண விலங்கும்

(குயிலாப்பாளையம் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் பெண் விஞ்ஞானிகளும் அவர்களது கலியாண வாழ்க்கையும் என்பதாகும். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் இந்தக் குயிலாப்பாளையத்தில் விஞ்ஞானிகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இங்கிருந்து சைக்கிள் மிதித்தால் போய்ச் சேரக்கூடிய காலாப்பட்டில் 1985-ம் ஆண்டில் ஏற்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் கிராமங்களில் 12-ம் வகுப்பில் விஞ்ஞானப் பாடம் எடுத்து நல்ல மார்க்கு வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். அப்படி மார்க்கு வாங்கிய பையன் வீட்டுக்கு வந்தால் "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று அவனைக் கேட்கிறோம். அதே மார்க்கு வாங்கிய பெண் வந்தால் அவளை ஒன்றுமே கேட்பதில்லை, அவளைப் பெற்றவரைப் பார்த்து "எப்போது கலியாணச் சாப்பாடு?" என்று கேட்கிறோம். காலாப்பட்டுக்கும் நம் ஊருக்கும் உள்ள தூரம் சைக்கிள் தூரந்தான். ஆனால் காலாப்பட்டுக்கும் நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதைத்தான் இன்று அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் காலேஜில் படித்துப் பட்டம் பெற்றவன் அல்ல. புத்தகசாலைகளிலும் பத்திரிகைகளிலும் படித்துத் தெரிந்து கொண்டதையே சொல்லப் போகிறேன். நான் சொல்லுவதைக் கேட்டு, சரியா தப்பா என்று உங்கள் புத்தியைக் கொண்டு நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

தோழர்களே! நம் நாட்டில் கணிதத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் எல்லோரும் பாஸ்கராச்சாரியைச் சொல்லுவார்கள். சுமார் 1150-ம் ஆண்டில் அவர் எழுதிய கணக்குப் புத்தகத்துக்கு "லீலாவதி" என்று பெயர். லீலாவதி என்பவள் அவருடைய மகள் என்றும், அவளுக்குக் குறித்த வேளையில் கலியாணம் நடக்காவிட்டால் அவள் வாழ்வு பாழாகும் என்று ஜாதகம் சொல்லிற்று என்றும், அதற்காகத் தகப்பனார் நீர்க்கடிகாரம் ஒன்று வைத்துக் காத்திருந்தார் என்றும், அந்தப் பெண் எட்டிப் பார்த்தபோது அவள் நகையிலிருந்து ஒரு முத்து விழுந்து ஓட்டையை அடைத்து விட்டதால் முகூர்த்தம் தவறிப் போயிற்று என்றும், மகள் துக்கத்தை ஆற்றவே அவள் பெயரால் புத்தகம் எழுதினார் என்றும் ஒரு கதை சொல்லுகிறார்கள்.

இது நடந்ததோ இல்லையோ, கதை கட்டினவனுடைய புத்தியைக் கவனியுங்கள். கணிதத்தில் கரைகண்டவராகச் சொல்லப்படும் தகப்பன், தன் மகள் கணக்குப் போடத் தெரிந்தவள் என்பதை அவளுடைய வாழ்வாக மதிக்கவில்லை. முகூர்த்தம் தவறினால் வாழ்வே போயிற்று என்று அழுகிறான். கலியாணம் ஆகியிருந்தால் அவளுக்குக் கணிதம் எதற்கு? கலியாணம் ஆகாததால் ஆறுதலுக்குக் கொஞ்சம் கணிதம்! அதாவது பெண்ணுக்குப் படிப்பு என்பது தாலி கிடைக்காதவளுக்குக் கொடுக்கும் நஷ்ட ஈடு. இந்த எண்ணம் இன்றைக்கும் நம் வீடுகளில் செத்துப் போகவில்லை. "நல்ல வரன் வரும் வரையில் படிக்கட்டும்" என்று சொல்லாத தகப்பன் எத்தனை பேர்? படிப்பைக் கலியாணத்துக்குப் போகும் வழியிலுள்ள காத்திருக்கும் கொட்டகையாக அல்லவா வைத்திருக்கிறோம்?

ஆண்கள் விஷயத்தில் என்ன நடந்தது? கணித மேதை இராமானுஜத்துக்கு 1909-ல் கலியாணம். பெண்ணுக்குப் பத்து வயது. 1914-ல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிப் போய் 1919-ல் திரும்பி வந்தார். ஐந்து வருஷம் மனைவி ஜானகி இங்கே இருந்தார். "கலியாணம் ஆனவன் கணக்குப் போடப் போகலாமா? வீட்டை யார் பார்ப்பது?" என்று யாராவது இராமானுஜத்தைக் கேட்டார்களா? கப்பலேறுவது சாஸ்திர விரோதம் என்று தடுத்தவர்கள் உண்டு. ஆனால் கலியாணம் ஒரு தடை என்று சொன்னவர்கள் இல்லை. ஆணுக்குக் கலியாணம் என்பது சோறாக்கவும் துணி துவைக்கவும் ஆள் கிடைப்பது. அது அவன் ஆராய்ச்சிக்கு ஒத்தாசை. பெண்ணுக்குக் கலியாணம் என்பது சோறாக்கவும் துணி துவைக்கவும் தானே ஆளாவது. ஒரே சடங்கு, ஒரே பந்தல், ஒரே மாலை. ஆனால் ஒருவருக்குச் சிறகும் மற்றவருக்கு விலங்கும் கிடைக்கிறதென்றால் இதற்குப் பெயர் வாழ்க்கை ஒப்பந்தமா?

இன்னொரு தம்பதிகளைப் பாருங்கள். சென்னை பிரசிடென்ஸி காலேஜில் பௌதிகம் படித்த இருவர். ஒருவர் சந்திரசேகர், மற்றவர் லலிதா. லலிதா அம்மையார் பௌதிகத்தில் மேல்பட்டம் வாங்கி, பெங்களூரில் ராமனுடைய ஆய்வுக்கூடத்திலும் கொஞ்ச காலம் வேலை செய்தவர். இருவரும் ஒருவரையொருவர் விரும்பி 1936-ல் மணந்து கொண்டு அமெரிக்கா போனார்கள். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. லலிதா அம்மையாரோ விஞ்ஞானத்தை விட்டுவிட்டார். அவர் மனமொப்பித்தான் விட்டார். கணவர் கொடுமைக்காரர் அல்ல. நான் சொல்ல வருவது அதுவே. அன்புள்ள கணவன், படித்த மனைவி, மூடப்பழக்கம் இல்லாத வீடு, இத்தனையும் இருந்தும் இரண்டு பேரில் ஒருவர் விட வேண்டும் என்று வந்தபோது விட்டவர் யார்? நாம் கேள்விப்படும் பத்து வீடுகளில் ஒன்பது வீட்டில் விடுகிறவள் பெண்ணாகவே இருந்தால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியுமா?

சரி, விடாதவர்கள் யார் என்று பார்ப்போம். தலைச்சேரியில் தீயர் வகுப்பில் 1897-ல் பிறந்த ஈ.கே. ஜானகி அம்மாள் சென்னையில் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மற்றப் புல் ஜாதிகளோடு கலந்து புதுப் பயிர்கள் உண்டாக்கினார். பிறகு இங்கிலாந்தில் டார்லிங்டன் என்பவரோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம்களைப் பற்றி 1945-ல் ஒரு பெரும் புத்தகம் வெளியிட்டார். 1951-ல் நேருவின் அழைப்பின் பேரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீர்ப்படுத்த வந்தார். முதுமையில் சென்னைக்கு அடுத்த மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் செடிகளோடு வாழ்ந்து 1984-ல் காலமானார். அவருக்கு உறவுமுறையில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அவர் படிப்பைத் தேர்ந்து கொண்டு, கடைசி வரை கலியாணமே செய்து கொள்ளவில்லை.

1918-ல் பீருமேட்டில் பிறந்த அன்னா மணி என்பவர் எட்டு வயதுப் பிறந்தநாளில் வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியப் புத்தகம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொண்டவர். பிரசிடென்ஸி காலேஜில் படித்து, ராமன் ஆய்வுக்கூடத்தில் வைரத்தின் ஒளியை ஆராய்ந்து, 1945-ல் லண்டன் போய், 1948-ல் வானிலை இலாகாவில் சேர்ந்து, மழை, வெயில், காற்று இவைகளை அளக்கும் கருவிகளை இந்நாட்டிலேயே செய்ய வழி செய்தார். துணை டைரக்டர் ஜெனரலாக இருந்து 1976-ல் ஓய்வு பெற்றார். இவரும் கலியாணம் செய்து கொள்ளவில்லை.

கலியாணம் வேண்டாம் என்று ஒரு பெண் முடிவு செய்தால் அது அவள் உரிமை. பிள்ளை பெறாமல் இருப்பதும் அவள் உரிமை. அதைக் குறைவென்று சொல்ல எவனுக்கும் பாத்தியதை இல்லை. ஆனால் என் கேள்வி வேறு. ராமனுக்குக் கலியாணம் உண்டு, ஆராய்ச்சி உண்டு. சந்திரசேகருக்கு இரண்டும் உண்டு. ஜானகி அம்மாளுக்கும் அன்னா மணிக்கும் மட்டும் "ஒன்றை எடுத்துக்கொள், ஒன்றை விடு" என்று இந்தச் சமுதாயம் ஏன் பேரம் பேசிற்று? ஆராய்ச்சித் துறையில் இருப்பவர்களில் கலியாணம் ஆகாமலே இருந்து விட்டவர்களின் பங்கு, ஆண்களைக் காட்டிலும் பெண்களில் பல மடங்கு அதிகம் என்று இந்திய விஞ்ஞான அகாடமியைச் சேர்ந்தவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வும் காட்டுகிறது. ஆகவே இது இரண்டொருவர் கதை அல்ல.

படித்தவர்களுக்காவது பகுத்தறிவு வந்து விடுகிறதா என்றால், அதுவும் இல்லை. பம்பாயில் பட்டப் பரீட்சையில் முதலாவதாகத் தேறிய கமலா பாகவத் என்ற பெண் 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு மனுச் செய்தார். அங்கே தலைவராக இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன். பெண் என்ற காரணத்துக்காக இடமில்லை என்றார். அந்த அம்மை விடாமல் நேரில் போய் நின்ற பிறகு, ஒரு வருஷம் பரீட்சார்த்தமாக இருக்கலாம், ஆண் மாணாக்கர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுச் சேர்த்துக் கொண்டார். கவனம் கலைகிறவன் ஆண்; நிபந்தனை பெண்ணுக்கு! அதே கமலா 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, 1947-ல் சோஹோனி என்பவரை மணந்து, பிள்ளைகளையும் பெற்று, பம்பாயில் ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கு உதவும் ஆராய்ச்சிகளைச் செய்து, தாம் வேலை பார்த்த ஸ்தாபனத்துக்கே தலைவரானார். ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதில் ராமன் சொன்னது சரி. பெண்களைப் பற்றிச் சொன்னது தப்பு. எவ்வளவு பெரிய விஞ்ஞானியானாலும், ஆய்வுக்கூடத்தில் மாட்டிய அறிவை வாசலில் கழற்றி வைத்து விட்டு வந்தால் வெளியே அவரும் பழைய பஞ்சாங்கந்தான்.

அடுத்தபடியாக, தாயாகிவிட்ட பெண்ணுக்கு விஞ்ஞானம் வராது என்பவர்களுக்கு ஒரு அத்தாட்சி சொல்லுகிறேன். சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் 1919-ல் பிறந்தவர் ஏ. லலிதா. 15-ம் வயதில் கலியாணம். 1937-ல், 18-ம் வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போது கணவன் செத்துப் போனான். அந்தக் காலத்தில் அந்த வீடுகளில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன கதி? தலையை மொட்டையடித்து, வெள்ளைப் புடவை கொடுத்து, மூலையில் உட்கார வைப்பதல்லவா சாஸ்திரம்? லலிதாவின் தகப்பனார் பப்பு சுப்பாராவ் கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் மின்சாரப் பாடப் பேராசிரியர். அவர் சாஸ்திரத்தைக் கேட்கவில்லை. மகளை மேலே படிக்க வைத்து, ஆண்கள் மட்டுமே படித்து வந்த அந்தக் காலேஜில் 1940-ல் சேர்க்க அனுமதி வாங்கினார். லலிதா மின்சார என்ஜினீயராகத் தேறி, இந்நாட்டின் முதல் பெண் என்ஜினீயர்களில் ஒருவரானார். பிறகு கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனியில் பல வருஷம் இருந்து, பக்ராநங்கல் அணையின் மின்சாரம் கொண்டு போகும் வேலைக்கும் திட்டம் வரைந்தார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் உலக மகாநாட்டுக்குப் போய் வந்தார். குழந்தையையும் வளர்த்து ஆளாக்கினார். 1979-ல் காலமானார்.

இந்தக் கதையில் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணவன் உயிரோடு இருந்திருந்தால் அந்த அம்மையாரை யாராவது கிண்டிக்கு அனுப்பியிருப்பார்களா? அனுப்பியிருக்க மாட்டார்கள். "சுமங்கலிக்கு என்ன குறை?" என்று அடுப்பங்கரையோடு நிறுத்தியிருப்பார்கள். ஒரு பெண்ணின் மூளைக்கு வழி திறக்க ஒரு மனிதன் சாக வேண்டியிருந்தது என்றால், அது அந்த மனிதனுடைய குற்றமா, அந்தப் பெண்ணுடைய குற்றமா, கலியாணத்தை அப்படி அமைத்து வைத்தவர்களுடைய குற்றமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வீட்டைத்தான் குறை சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சர்க்காரும் சர்வகலாசாலைகளும் இதே புத்தியில்தான் இருந்தன. 1951-ல் ஐ.ஏ.எஸ். பரீட்சையில் தேறி நம் சென்னை ராஜ்யத்துக்கு வந்த அன்னா ராஜம் என்ற அம்மையாரின் நியமன உத்தரவில், கலியாணம் செய்து கொண்டால் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். அயல்நாட்டு இலாகாவில் பெண் அதிகாரி கலியாணம் செய்து கொள்ள உத்தரவு கேட்க வேண்டும் என்று இருந்த விதியை முத்தம்மா என்ற அம்மையார் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு போய், 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்த பிறகே அந்த அநியாயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆணுக்கு அப்படி ஒரு விதி உண்டா? வெள்ளைக்காரர் தேசமும் இதற்கு விலக்கல்ல. மரியா மேயர் என்ற அம்மையார், கணவர் வேலை பார்க்கும் சர்வகலாசாலையில் மனைவிக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற நியாயத்தால் பல வருஷம் சம்பளமின்றியே ஆராய்ச்சி செய்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அவருக்குத்தான் 1963-ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். உலகம் பரிசு கொடுக்கத் தகுந்த மூளைக்கு, கூலி கொடுக்க மட்டும் மனம் வரவில்லை!

தோழர்களே! கலியாணமும் செய்து, பிள்ளையும் பெற்று, ஆராய்ச்சியும் செய்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது? அதற்குக் கடவுள் அருளோ கிரக பலமோ காரணமல்ல. நாலைந்து பேருடைய வாழ்வைக் கவனித்தால் காரணம் பட்டப்பகல் போல் தெரியும்.

மேரி கியூரி அம்மையாருக்கு 1897-ல் முதல் குழந்தை ஐரீன் பிறந்தது. அந்தக் குழந்தையை வளர்த்தது யார்? அம்மையாரின் மாமனார், கிழ டாக்டர் யூஜீன் கியூரி. தாயும் தகப்பனும் கொட்டகையில் ரேடியத்தைத் தேடிக் கொண்டிருந்தபோது, தாத்தா பேத்தியை வைத்துக் கொண்டிருந்தார். மேரிக்கு 1903-லும் 1911-லும் நோபல் பரிசு. அந்தப் பேத்திக்கு 1935-ல் நோபல் பரிசு. மருமகள் ஆராய்ச்சிக்குப் போக மாமனார் பிள்ளையைத் தூக்கிக் கொண்டிருந்தார் என்பதை நம் ஊர் மாமனார்கள் தயவு செய்து காதில் போட்டுக் கொள்ள வேண்டுகிறேன்.

கல்கத்தாவில் 1944-ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்ற அசீமா சாட்டர்ஜி 1945-ல் கலியாணம் செய்து கொண்டு, 1947-ல் கைக்குழந்தையோடும் அதைப் பார்த்துக் கொள்ள ஓர் ஆயாவோடும் அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்தார். அவருடைய கணவரும் ரசாயனப் பேராசிரியர். 1961-ல் பட்நாகர் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். நம் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை பேசிய பிறகே 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற அந்த அம்மையார் சட்டசபைக்கும் போனார், அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் ஏற்படுத்தினார். சென்னையில் படித்த கணித மேதை பரிமளா அம்மையாருடைய கணவரோ, ஆப்பிரிக்காவில் இருந்த தம் உத்தியோகத்தை விட்டு விட்டு, மனைவியின் ஆராய்ச்சிக்காகப் பம்பாய்க்குக் குடி வந்தார். 1987-ல் அந்த அம்மைக்குப் பட்நாகர் பரிசு வந்தது. கணவன் ஊருக்கு மனைவி போவது நமக்கு இயற்கையாகப்படுகிறது. மனைவி ஊருக்குக் கணவன் வந்தால் "வீட்டோடு மாப்பிள்ளை" என்று சிரிக்கிறோம். சிரிக்கிறவன் பரிசு வாங்குவதில்லை!

ஆகவே வேண்டியவை மூன்று: சமமாக நினைக்கும் துணைவன், பிள்ளையைப் பார்த்துக் கொள்ள ஒரு கை, கதவைச் சாத்தாத ஸ்தாபனம். இந்த மூன்றும் இருந்த இடத்தில் தாய்மை ஆராய்ச்சியைக் கெடுக்கவில்லை. இல்லாத இடத்தில் கெடுத்தது தாய்மை அல்ல, இல்லாமைதான்.

"தாய்மை இயற்கை, பெண்ணுக்கு வீடுதான் இயற்கை" என்று ஒரு சாரார் சொல்லுவார்கள். கர்ப்பம் தரிப்பதும், பிள்ளை பெறுவதும், பால் கொடுப்பதும் இயற்கை என்பது வாஸ்தவம். ஆனால் குழம்பு வைப்பதற்குக் கர்ப்பப்பை வேண்டுமா? துணி துவைக்க முலைப்பால் வேண்டுமா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போக மீசை தடையா? இயற்கை கொடுத்த வேலை ஒரு பங்கு. இயற்கையின் பெயரால் ஆண் ஏற்றி வைத்த வேலை ஒன்பது பங்கு.

கணக்காகவே சொல்லுகிறேன். 2019-ல் மத்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கின்படி, ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அப்படிச் செய்கிறவர்களிலும் பெண் செலவிடுவது நாளைக்குச் சராசரி 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். வித்தியாசம் 202 நிமிஷம். வருஷத்துக்குக் கூட்டினால் 1,228 மணி நேரத்துக்கு மேல். 8 மணி நேரத்தை ஒரு வேலை நாளாக வைத்துக் கொண்டால் 153 நாள். அதாவது வீட்டு வேலையில் கை வைக்கிற நல்ல ஆணோடு ஒப்பிட்டாலே, வருஷத்தில் ஐந்து மாதத்தைப் பெண்ணிடமிருந்து வீடு எடுத்துக் கொள்ளுகிறது. கையே வைக்காதவனோடு ஒப்பிட்டால் கேட்கவே வேண்டாம். வருஷத்துக்கு ஐந்து மாதத்தைப் பிடுங்கிக் கொண்டு, பிறகு "பெண்களில் ஏன் அதிக விஞ்ஞானிகள் இல்லை?" என்று கேட்பது, காலைக் கட்டி விட்டு ஓட்டப் பந்தயத்தில் ஏன் ஜெயிக்கவில்லை என்று கேட்பது போலாகும்.

இதில் வேடிக்கை ஒன்று. நம் பகுதியில் நாற்று நடவும், களை எடுக்கவும், முந்திரிக்கொட்டை பொறுக்கவும் தாய்மார்கள் போகிறார்கள். மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு வெயிலில் வேலை செய்கிறார்கள். அவர்களைப் பார்த்து "தாய்மை கெடுகிறதே, வீட்டுக்குப் போ" என்று எந்த மிராசுதாரனாவது சொன்னதுண்டா? கூலி குறைவாக இருக்கும் இடத்தில் தாய்மை யாருக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை. நாற்காலியும் சம்பளமும் அதிகாரமும் உள்ள இடத்துக்குப் பெண் போகும்போதுதான் தாய்மையின் மகத்துவம் ஞாபகத்துக்கு வருகிறது. பட்டணத்தில் படித்த அம்மையார் ஆய்வுக்கூடத்துக்குப் போக, அவர் வீட்டுப் பிள்ளையை ஒரு ஏழைப் பெண் பார்த்துக் கொள்ளுகிறாள். அந்த ஏழைப் பெண்ணின் பிள்ளையை யார் பார்ப்பது? ஆயா வைத்துக் கொள்ளப் பணமுள்ளவளுக்கு மட்டும் விடுதலை என்றால் அது அரைகுறை விடுதலை. அதனால்தான் குழந்தைக் காப்பகத்தை வேலை செய்யும் எல்லாத் தாய்மார்களுக்கும் பொதுவாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

விஞ்ஞானத் தொழிலில் இன்னொரு கஷ்டம் உண்டு. பட்டம், மேல்பட்டம், டாக்டர் பட்டம் என்று முடிப்பதற்குள் வயது 27, 28 ஆகிவிடும். அதற்குப் பிறகு நிலையான வேலைக்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியில் ஒருவர் பெயர் எடுக்க வேண்டிய வருஷங்களும், நம் வீட்டார் பேரப்பிள்ளை கேட்கும் வருஷங்களும் ஒரே வருஷங்களாக இருக்கின்றன. மூன்று வருஷம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் அந்தத் துறையே நகர்ந்து போயிருக்கும்.

இதைச் சர்க்காரும் கொஞ்சம் உணர்ந்து சில காரியங்கள் செய்திருக்கிறது. 1961-ல் வந்த பிரசவ உதவிச் சட்டத்தை 2017-ல் திருத்தி, 12 வாரமாக இருந்த சம்பள விடுமுறையை முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் பெண்களுக்கு 240 நாள் வரை விடுமுறையும், முடிக்க இரண்டு வருஷ அதிக அவகாசமும் 2016-ம் வருஷ விதிகள் கொடுத்தன. குடும்பத்துக்காக இடையில் விட்ட பெண் விஞ்ஞானிகள் திரும்பி வருவதற்கென்றே மத்திய விஞ்ஞான இலாகா 2002-ல் ஒரு உதவித் திட்டம் ஏற்படுத்திற்று. இவை நல்லவை. ஆனால் விடுமுறை தாய்க்கு மட்டும் என்றால் பொறுப்பும் தாய்க்கு மட்டும் என்றுதானே அர்த்தமாகிறது? சட்டம் ஆபீஸ் வாசல் வரைக்கும் வரும், அடுப்பங்கரைக்குள் நுழையாது. அங்கே நுழைய வேண்டியது நம் புத்தி.

நம் மாகாணத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் கலியாணத்துக்குப் பணமும், பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் கொடுத்து வந்த திட்டத்தை 2022-ல் மாற்றி, சர்க்கார் பள்ளியில் படித்த பெண் காலேஜுக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று செய்தார்கள். தாலிக்குப் போன பணம் புத்தகத்துக்குப் போகிறது! 1929-ல் செங்கல்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது சிரித்தார்கள். 1989-ல் அது இங்கே சட்டமாயிற்று. 2019-ல் சந்திரனுக்குப் போன இரண்டாவது சந்திரயானின் திட்டத் தலைவர் வனிதா என்ற சென்னைப் பெண். 2023-ல் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யாவின் திட்டத் தலைவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. சூரிய கிரகணத்தன்று கர்ப்பிணியை வீட்டுக்குள் பூட்டி வைக்கிற நாட்டில், சூரியனுக்கே கருவி அனுப்பிய வேலையைப் பெண் நடத்தினாள். இனியும் "பெண் புத்தி பின்புத்தி" என்று சொல்லுகிறவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

முடிவாக, உங்களுக்குச் சில காரியங்களைச் சொல்லுகிறேன். பெண்ணின் படிப்பு முடியும் வரை ஜாதகத்தைக் கையில் எடுக்காதீர்கள். முடிந்த பிறகும் எடுக்காதீர்கள். நகைக்குச் சேர்க்கும் பணத்தைப் படிப்புக்குக் கொடுங்கள். கலியாணம் என்று வந்தால், பத்துப் பொருத்தம் பார்ப்பதை விட்டு, முத்துலட்சுமி அம்மையார் பேசியது போல் வேலை, படிப்பு, பிள்ளை இவைகளைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். பெண்ணையே பேச விடுங்கள். பிள்ளை எப்போது, எத்தனை, வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெறப் போகிறவள் தீர்மானிக்கட்டும். கர்ப்பத்தடை சாதனங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன, வெட்கப்பட ஒன்றுமில்லை. வாலிபர்களே, நீங்கள் சோறாக்கக் கற்றுக் கொள்ளுங்கள். அது விஞ்ஞானத்தைவிடச் சுலபம். மாமனார் மாமியார் ஆனவர்களே, பேரப்பிள்ளை வேண்டுமென்று கேட்பதற்கு முன், அதைத் தூக்கி வளர்க்க நாங்கள் தயார் என்று சொல்லுங்கள். ஊர்க்காரர்களே, உங்கள் அங்கன்வாடி நன்றாக நடக்கிறதா என்று மாதம் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். அங்கன்வாடி தாமதமாகத் திறந்தால் அன்று ஒரு தாயின் வேலை போகிறது.

இத்தனையும் பெண்களுக்குச் செய்யும் தர்மம் என்று நினைத்து விடாதீர்கள். கரும்பில் இனிப்பு ஏறுவதற்கு வழி தேடினது ஒரு பெண். நோய்க்கு மருந்து கண்டது ஒரு பெண். அணையிலிருந்து மின்சாரம் கொண்டு வந்தது ஒரு பெண். இவர்கள் தப்பி வந்தவர்கள். தப்ப முடியாமல் புகையில் கண் எரிந்து கொண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர், அவர்களால் நமக்குக் கிடைக்காமல் போனது எவ்வளவு என்பதற்குக் கணக்கே இல்லை. அந்த நஷ்டம் பெண்ணுக்கு மட்டுமல்ல, நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் சேர்ந்த நஷ்டமாகும்.

நாளைக்கு உங்கள் வீட்டுப் பெண் மார்க்குப் பட்டியலோடு வந்து நிற்கும்போது என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை இப்போதே தீர்மானித்துக் கொண்டு போக வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறேன்.